கடற்காற்று வாங்க ஒரு பிள்ளை வேண்டும்



காலிமுகத்திடலுக்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது? அது போகட்டும், யாரோடு போனீர்கள்? பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். அல்லது ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டப் போயிருப்பீர்கள். இல்லையென்றால் பெருநாள் பின்னேரம் வீட்டாரெல்லாம் வேனில் ஏறிப் போயிருப்பீர்கள். ஒரு வேலையும் இல்லாமல், தனியாகவோ ஒரு சிநேகிதியோடோ போய், அந்தக் கடலோரக் கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று உங்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? என்னால் சமீப காலம் வரை சொல்ல முடியவில்லை. என் உம்மாவால் போன மாதம் வரை சொல்ல முடியவில்லை.

உம்மா வெலிகமையில் பிறந்து வளர்ந்தவர். அலைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர். கலியாணம் முடித்துக் கொழும்பு கொம்பனித்தெருவுக்கு வந்து ஏறத்தாழ ஐம்பது வருடமாகிறது. எங்கள் வீட்டிலிருந்து காலிமுகத்திடலுக்குக் கால்நடையாகப் பதினைந்து நிமிடம்தான். காற்றுத் திரும்பும் நாட்களில் உடுப்புக் காயப்போடும் மாடிக்கே உப்பு வாடை வரும். ஆனால் இந்த ஐம்பது வருடத்தில் கையில் ஒரு பிள்ளை இல்லாமல் உம்மா அங்கே போனதே இல்லை.

முதலில் நாங்கள் இருந்தோம். நாங்கள் வளர்ந்த பிறகு நானாவின் பிள்ளைகள். நானா குடும்பத்தோடு கட்டாருக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். பின்னேரம் ஐந்து மணிக்கு உம்மா அடுத்த வீட்டு வாசலில் நின்று, "புள்ளய கொஞ்சம் தாங்க, கடலுக்குக் கூட்டிட்டுப் போய் வாரன்" என்று கேட்பது எங்கள் தோட்டத்தில் வழமையான காட்சி. அந்த உம்மாமார்களுக்கும் சந்தோஷம்தான். அடுப்படி வேலையை ஆறுதலாக முடிக்கலாம் அல்லவா? ஆசியா உம்மா, மரியம் உம்மா, எல்லோரும் எங்கள் உம்மாவுக்குச் சிறுபிள்ளைகள் மேல் அப்படியொரு பிரியம் என்று பேசிக்கொள்வார்கள். பிரியம் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை உம்மாவின் பாஸ்போட் என்பது எனக்கு விளங்க என் தலையில் நரை விழ வேண்டியிருந்தது.

காலிமுகத்திடலில் கடலோர நடைபாதையில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. இறால் வடை வாங்கும் அவசரத்தில் நாம் அதைக் கடந்து போய்விடுவோம். அடுத்த முறை நின்று பாருங்கள். 1855 முதல் 1860 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வாட் இந்த நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார் என்று அது சொல்கிறது. அதோடு நின்றிருந்தால் அது மற்றக் கற்களைப் போல இன்னொரு கல். ஆனால் கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இந்த இடத்தைப் பேணும்படி, தனக்குப் பின்னால் வரும் தேசாதிபதிகளிடம் அவர் அதிலே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நகரத்தின் மிகச் சிறந்த இடம் பெண்களுக்கென்று கல்லில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதே! பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தேன். வெள்ளைக்காரத் துரை நினைத்த பெண்கள் யார்? குடை பிடித்துக்கொண்டு, ஆயாவோடும் தள்ளுவண்டியோடும் மாலைக் காற்று வாங்க வந்த துரைசானிகள்தான். கொம்பனித்தெருவிலோ புதுக்கடையிலோ இருந்த எங்கள் மூத்தம்மாமார் அவருடைய கணக்கில் இருந்திருக்க மாட்டார்கள். இன்னொன்றும் கவனித்தேன். பெண்களும் பிள்ளைகளும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறார். உம்மா அந்தக் கல்லைப் படித்ததில்லை. படிக்காமலே அதிலுள்ளபடி நடந்திருக்கிறார்!

கல் என்ன சொன்னாலும் திடல் ஆண்களிடமே இருந்தது. அந்த வெளி முதலில் ஒல்லாந்தர் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் மறைப்பு இல்லாமல் வெட்டவெளியாக வைக்கப்பட்ட இடம். ஆங்கிலேயர் காலத்தில் குதிரைப் பந்தயம் ஓடியது. பிறகு கோல்ஃப் ஆடினார்கள், கிரிக்கெட் ஆடினார்கள். இராணுவ அணிவகுப்பு, அரசியல் கூட்டம் என்று வந்தது. யுத்த காலத்தில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. இன்றைக்கு மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பட்டம் விடும் வாப்பாமார், பந்தடிக்கும் வாலிபர்கள், சும்மா காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்க்கும் முதியவர்கள் இருப்பார்கள். பெண்களும் நிறையவே இருப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பால் போத்தல், பிள்ளையின் சப்பாத்து, சாப்பாட்டுப் பெட்டி. ஓய்வெடுக்க வந்த இடத்திலும் வேலையைக் கையோடு கொண்டு வந்திருப்பார்கள்.

"சும்மா" என்று நம் பாஷையில் எவ்வளவு அழகான சொல் இருக்கிறது! நம் தெருச் சந்தியில் நிற்கும் நானாமாரிடம், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா நிக்கிறோம்" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு பெண் பிள்ளை சந்தியில் நின்றுகொண்டு "சும்மா நிக்கிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும்! அன்றிரவே வீட்டுக்குச் செய்தி போய்விடும். நாம் வெளியே நிற்க வேண்டுமென்றால் டிஸ்பென்சரி சீட்டோ, டியூஷன் வகுப்போ, மரக்கறிப் பையோ ஏதாவதொரு காரணம் வேண்டும்.

இதை நான் தெளிவாகக் கண்டது கொழும்பில் அல்ல, கராச்சியில். 2018ஆம் ஆண்டு என் கணவர் துணி எடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். புறக்கோட்டைத் துணி வியாபாரிகளுக்குக் கராச்சி அடுத்த வீட்டைப் போல. அங்கே எங்களுக்குப் பழக்கமான ஒரு மேமன் குடும்பத்தின் வீட்டில் தங்கினோம். வந்து இரண்டு நாளாக வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் இருந்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த வீட்டு மகள் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, வாருங்கள், தேநீர் குடித்துவிட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கராச்சியில் சந்திக்குச் சந்தி தாபா என்ற தேநீர்க்கடை இருக்கிறது. பெரும்பாலும் குவெட்டாப் பக்கத்தவர்கள் நடத்துவதால் "குவெட்டா ஹோட்டல்" என்றும் சொல்வார்கள். உள்ளே சமையல் மட்டும்தான் நடக்கும். ஆட்கள் இருப்பது வெளியே, நடைபாதையில், பிளாஸ்டிக் கதிரைகளிலும் கயிற்றுக் கட்டில்களிலும். தண்ணீர் அதிகம் சேர்க்காமல் பாலிலேயே தேயிலையைக் காய்ச்சும் "தூத் பத்தி" என்ற தேநீர் வரும். நம் ஊர்ப் பால் தேத்தண்ணியைவிடக் கடுமை, இனிப்பும் கூட. தட்டை மூடும் அளவுக்குப் பரோட்டா. நள்ளிரவு தாண்டியும் ஆட்கள் குறைவதில்லை. எல்லோரும் ஆண்கள்.

நாங்கள் இரண்டு பேரும் இறங்கிக் கதிரையைத் தேடியதும், தேநீர் கொண்டுவரும் பையன் ஓடி வந்து, கார் எங்கே நிற்கிறது என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. அவள் சிரித்தாள். பெண்கள் வந்தால் காரிலேயே இருப்பார்களாம். பையன் கண்ணாடி வழியாகத் தேநீரை நீட்டுவானாம். அதுதான் அங்கே மரியாதை. பையனிடம் குற்றமில்லை, அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். "இல்லை, இங்கேதான் இருக்கப் போகிறோம்" என்று அவள் சொன்னதும் ஒரு கணம் தயங்கினான். பிறகு தோளில் கிடந்த துணியால் இரண்டு கதிரைகளையும் நன்றாகத் துடைத்துத் தந்தான்.

எனக்கு முதல் பத்து நிமிடம் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. முந்தானையைச் சரிசெய்வதும் கைப்பையைத் தடவுவதும் ஃபோனைப் பார்ப்பதுமாக இருந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பது போல ஓர் உணர்வு. நிமிர்ந்து பார்த்தால், இரண்டு பேர் பார்த்தார்கள்தான். மற்றவர்களெல்லாம் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டில் மூழ்கியிருந்தார்கள். பதினோராவது நிமிடம் நான் கதிரையில் சாய்ந்தேன். தெரு தெரிந்தது. ஒட்டகம் ஒன்று வண்டியிழுத்துக்கொண்டு போனது, பேருந்துகளின் மேலே எத்தனை விதமான பூ வேலைப்பாடு! இரண்டு நாளாகக் கார்க் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்த அதே தெருதான். ஆனால் அன்றைக்குத்தான் கராச்சியைப் பார்த்தேன் என்று சொல்வேன்.

இந்தத் துணிச்சல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதற்கு ஒரு கதை இருக்கிறது. 2015ஆம் ஆண்டு சாதியா கத்ரி என்ற இளம் பெண், தான் ஒரு தாபாவில் இருந்து தேநீர் குடிக்கும் படத்தை இணையத்தில் போட்டார். அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்த மற்றப் பெண்களும் தங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் போயிருந்து படமெடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். "கேர்ள்ஸ் அட் தாபாஸ்" என்று அதற்குப் பெயர் வந்தது. பிறகு தெருவில் கிரிக்கெட் விளையாடினார்கள். 2016இல் லாகூரில் சைக்கிளோட்டிய ஒரு பெண்ணைக் காரில் வந்த ஆண்கள் தள்ளி விழுத்தியபோது, லாகூரிலும் கராச்சியிலும் இஸ்லாமாபாத்திலும் பெண்கள் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்பினார்கள்.

உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. தேநீர் குடிப்பது ஒரு போராட்டமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று அந்த நாட்டிலேயே பலர் விமர்சித்தார்கள். அதில் உண்மையில்லை என்று சொல்ல மாட்டேன். நம் புறக்கோட்டையில் நடைபாதையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் காலை முதல் மாலைவரை தெருவில்தான் இருக்கிறாள். யாரும் அவளைத் தடுப்பதில்லை, யாரும் படமெடுத்துப் பாராட்டுவதும் இல்லை. ஆனால் அவளாவது விற்பனை முடிந்த பிறகு கால் மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று போயிருக்கிறாளா? உழைக்க வரும் பெண்ணுக்குத் தெரு திறந்திருக்கிறது. இளைப்பாற வரும் பெண்ணுக்குத்தான் அது மூடியிருக்கிறது.

மும்பாயில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே என்ற மூன்று பெண்கள் இதையே வருடக் கணக்கில் ஆராய்ந்து 2011இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ரயிலில், பூங்காவில், கடலோரத்தில், கடைத் தெருவில் பெண்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று பார்த்தார்கள். வெளியே வரும் பெண் எப்போதும் தனக்கொரு நோக்கம் இருப்பதாகக் காட்டிக்கொள்கிறாள் என்பது அவர்கள் கண்டது. வேகமாக நடப்பாள், பையை அணைத்துக்கொள்வாள், யாருக்கோ காத்திருப்பவள் போல ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வாள். கராச்சிக் கதிரையில் என் முதல் பத்து நிமிடத்தை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போலிருந்தது எனக்கு!

அவர்கள் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் நெடுநாள் யோசித்தேன். பெண்களின் பாதுகாப்பு என்று சொல்லி நடைபாதை வியாபாரிகளையும் ஏழை வாலிபர்களையும் விரட்டுவது சரியல்ல என்கிறார்கள். காலிமுகத்திடலை நினைத்துப் பாருங்கள். இறால் வடை வண்டிக்காரர்கள் எல்லோரையும் அகற்றிவிட்டால் அந்த இடம் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இரவு எட்டு மணிக்கு அந்த வண்டிகளின் லாம்பு வெளிச்சமும், "வாங்க உம்மா, சூடா ஈக்கிது" என்று கூப்பிடும் குரலும் இல்லாவிட்டால், நான் அங்கே ஒரு நிமிடமும் நிற்க மாட்டேன்.

பெங்களூரில் பிளாங்க் நோய்ஸ் என்ற அமைப்பு இதைவிட ஒருபடி மேலே போனது. பெண்கள் பூங்காவுக்குப் பாய் கொண்டுபோய்ப் பட்டப்பகலில் படுத்துத் தூங்குகிறார்கள். பயப்படாமல் கண்ணை மூட முடிந்தால்தான் அந்த இடம் நமக்கும் சொந்தம் என்பது அவர்கள் வாதம். பகலில் சொந்த வீட்டிலேயே கண்ணயர நேரமில்லாத நமக்கு இது கொஞ்சம் கூடத்தான்!

பயம் வீண் பயமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பஸ்ஸிலோ ரயிலிலோ வாழ்நாளில் ஒரு தடவையாவது பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொல்கிறது. 2017இல் அது வெளிவந்தது. அதற்காகப் பொலிஸுக்குப் போனவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். இதைப் படித்த எந்த உம்மாவும் மகளிடம் "வீட்டிலேயே இரு" என்றுதான் சொல்வாள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வீட்டிலே இருக்கச் சொல்வது யாரை? தொல்லை செய்தவனையா, தொல்லைப்பட்டவளையா?

இந்த இடத்தில் நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. பாதையோரங்களில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களிடம் சொன்னார்கள். எங்களுக்கு உட்கார்ந்து பேச வேறு இடமில்லையே என்று அவர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை கொடுக்காமலிருப்பது, ஸலாத்துக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்? பாதையோரம் இருப்பவனுக்குத்தான் கடமை சொல்லப்பட்டிருக்கிறது. நாமோ பாதையால் போகிறவளுக்கு மட்டும் பாடம் எடுக்கிறோம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நமக்கு இன்னொரு பாரமும் சேர்ந்தது. அந்தக் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து மாத இறுதியில் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. உம்மா முகம் மூடுபவர் அல்ல. அபாயாவும் தலையில் துணியும்தான். ஆனால் ஒருநாள் பஸ்ஸில் உம்மா உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போய் நின்றுகொண்டாள். உம்மா வீட்டுக்கு வந்து யாருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் பிள்ளை கேட்கவும் போகவில்லை. பிறகு கொரோனா வந்தது. அதுவும் போனபோது தோட்டத்துப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். உம்மாவின் முழங்காலும் தேய்ந்துவிட்டிருந்தது.

உம்மா வீட்டுக்குள் இருந்த அந்தக் காலத்தில்தான், 2022 ஏப்ரல் 9இல், காலிமுகத்திடலில் அந்தப் பெரிய போராட்டம் தொடங்கியது. அதன் அரசியலை நான் இங்கே பேச வரவில்லை. ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். அது ரமழான் மாதம். என் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். திடலிலே எல்லா இனத்தவரும் வரிசையாக உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். சிங்களச் சகோதரிகள் எங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார்கள். தொழுதுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இரவு பத்து மணிக்குப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் பெண்கள், பாடும் பெண்கள், படுத்திருந்து வானத்தைப் பார்க்கும் பெண்கள். முக்காடு போட்டவர்களும் போடாதவர்களும் இருந்தார்கள். என் வாழ்நாளில் அந்தத் திடலில் அந்த நேரத்தில் அவ்வளவு பெண்களை நான் கண்டதில்லை. அதன் பிறகு மே மாதம் அங்கே அடிதடி நடந்தது, ஓகஸ்டில் கூடாரங்கள் அகன்றன. பெண்களும் பழையபடி பால் போத்தலோடு வரத் தொடங்கினார்கள்.

அதே வருடம் நவம்பரில் காபூலில் பெண்கள் பூங்காக்களுக்குப் போவதே தடை செய்யப்பட்டது. அந்த நகரத்தில் பெண்களுக்கென்றே மதில் கட்டிய ஒரு தோட்டம் இருந்தது. பிள்ளையோடு போனால் பரவாயில்லை என்ற சலுகைகூட அந்தத் தடையில் இல்லை. பிள்ளைகளை ஊஞ்சலில் ஆட்டக் கூட்டிப்போன உம்மாமார்களையும் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினார்கள். செய்தியைக் கேட்டுவிட்டு உம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவங்களுக்கு போகேலா. நமக்கு போகேலும், நாம போறல்ல" என்றார்.

நமக்கு வேண்டியது பெரிய விஷயங்களும் அல்ல. திடலிலோ கடற்கரையிலோ பெண்கள் தைரியமாகப் போகக்கூடிய ஒரு கழிவறை. அது இல்லாததால் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! மஃரிபுக்குப் பெண்கள் ஒதுங்க ஓரிடம் வேண்டும். அது இல்லாததால்தான் சூரியன் கடலைத் தொடும்போது, கடலின் அழகான நேரத்தில், நாம் பையைக் கட்டிக்கொண்டு எழும்புகிறோம். அப்புறம், நம் சாப்பாட்டுக் கடைகளிலுள்ள அந்த "பெமிலி ரூம்". யார் கண்டுபிடித்தார்களோ! கீழே வாசலோரம் ஆண்கள் காற்றாட இருப்பார்கள். நமக்கு மேல்மாடியில் திரை போட்ட அறை. ஜன்னல் இருக்காது, மின்விசிறி சுற்றாது. மரியாதைக்காகச் செய்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தெருவைப் பார்த்துக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடிக்க எங்களுக்கும் ஆசை இருக்காதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நான் உம்மாவிடம், வாங்க கடலுக்குப் போவோம் என்றேன். உம்மா உடனே எழும்பி, அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். அங்கே இருந்த கடைசிப் பிள்ளைக்கும் இப்போது பத்து வயது. அவனுக்கு டியூஷனாம். உம்மா திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"புள்ளயொண்டும் இல்லயே மகள்."

"நான் ஒங்கட புள்ளதானே உம்மா."

"நீயா? ஒனக்கு ஐம்பது வயசாகப் போகுது. நாங்க ரெண்டு பேரும் ஏத்துக்கு அங்க போற? கண்டவங்க என்ன சொல்லுவாங்க?"

பதில் சொல்லாமல் முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டேன். முழங்காலுக்காக என்று சொன்னதால் உம்மா ஏறினார். அதுவும் ஒரு காரணம்தானே!

திடலில் நல்ல கூட்டம். காலிமுக ஹோட்டல் பக்கமாகக் கடலோரக் கட்டில் ஓர் இடம் பிடித்தோம். உம்மா முதலில் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். கண் அங்குமிங்கும் பிள்ளைகளைத் தேடியது. பக்கத்தில் ஒரு குழந்தை பந்தை உருட்டிக்கொண்டு வந்தது. உம்மா கையை நீட்டினார். அதற்குள் அதன் தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உம்மா கையை எடுத்து மறுபடி பையின் மேல் வைத்தார். கராச்சியில் என் பத்து நிமிடத்தை நான் நினைத்துக்கொண்டேன். பேசாமல் போய் இரண்டு இறால் வடை வாங்கி வந்தேன். வெங்காயமும் உறைப்புச் சம்பலும் மேலே போட்டு, கடதாசியில் வைத்துத் தந்தார் வண்டிக்காரர்.

பை மடியிலிருந்து பக்கத்துக்கு இறங்கியது எப்போது என்று நான் கவனிக்கவில்லை. பார்க்கும்போது உம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். துறைமுக நகரம் எழும்பியதிலிருந்து அந்தப் பக்கத்தில் முன்னைப் போலக் கப்பல் தெரிவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வெலிகமையில் தன் வாப்பா அதிகாலையில் கரைவலை பார்க்கக் கூட்டிப்போன கதையைச் சொன்னார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத கதை.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கட்டாரிலிருந்து நானா அழைத்தார். அலைச் சத்தத்தில் உம்மா உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"கோல்பேஸ்ல ஈக்கிறன் மகன்... இல்ல இல்ல, எல்லாரும் சொகம்... புள்ளைகள் ஒத்தரும் வரல்ல... நானும் தங்கச்சியும்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார். உம்மா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்டுமில்ல. சும்மா."

ஃபோனை என்னிடம் தந்துவிட்டு, இன்னுமொரு வடை வாங்கச் சொன்னார். இந்த முறை உறைப்புக் குறையாகப் போடட்டுமாம்.